பூஞ்சை வளர்க்கும் ரஸீனா அக்கா

என் அப்பாவின் கண்ணைத் தின்றுகொண்டிருந்த பூஞ்சையை முதலில் பார்த்தவர் ரஸீனா அக்கா. அப்பாவின் முகத்தை அவர் பார்த்தது அதற்கு வெகு நாட்களுக்குப் பிறகுதான். நாகர்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் இருக்கும் லேப்பில் அவருக்கு வேலை. நோயாளிகள் அங்கே ஏறுவதில்லை. அவர்கள் கண்ணிலிருந்து சுரண்டி எடுத்ததுதான் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக்கொண்டு அங்கே போகும்.

இது 2011 கோடையில் நடந்தது. நான் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பா செல்வதாஸ் கருங்கல் பக்கத்தில் பனையேறுகிறவர். பனைமட்டையின் இரண்டு ஓரமும் ரம்பம் மாதிரி பல்லு பல்லாக இருக்கும். அதைக் கருக்கு என்போம். ஒருநாள் காலையில் மேலே கைவைத்த காய்ந்த மட்டை ஒன்று முறிந்து, கருக்கு அப்பாவின் வலது கண்ணில் உரசிவிட்டது. கீழே இறங்கி முகத்தைக் கழுவிவிட்டு அடுத்த பனையில் ஏறினார். சில நாள் கழித்துக் கண் சிவந்தது, நீர் வடிந்தது, பிறகு கருவிழியில் பஞ்சு ஒட்டியது போல ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் கிளீட்டஸ் கண்ணை மரக்கச் செய்து, சிறு கத்தியால் அந்தப் புள்ளியைச் சுரண்டினார். தகடு மாடிக்குப் போனது. ரஸீனா அக்கா அதில் ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது, கிளைவிட்ட நூல்கள் தெரிந்தன. பூஞ்சை. மீதியை ஒரு வட்டத் தட்டில் இட்டு வளர்த்தார். அது வெள்ளையாக, பருத்தி மாதிரி மேலெழுந்து வந்தது. பியூசேரியம் என்று பெயராம். மண்ணிலும் செடிகொடியிலும் சும்மா இருப்பதுதான். கருக்கோடு கண்ணுக்குள் போனதால் இப்படி ஆகிவிட்டது.

லேப்புக்குள் நடந்ததெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. எல்லாம் முடிந்த பிறகு நான் அவரிடம் போய்ப் போய்க் கேட்டேன். அவர் அலுக்காமல் சொன்னார்.

ரஸீனா அக்காவின் வீடு கோட்டாறு இளங்கடையில். வாப்பாவுக்கு மளிகைக்கடை. பள்ளிக்கூடம் முடித்து லேப் டெக்னீஷியன் படித்தார். கொஞ்ச காலம் ரத்தமும் சிறுநீரும் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு இந்த வேலைக்கு வந்தார். மாப்பிள்ளை பர்வேஸ் சவூதியில், தமாமில் இருக்கிறார். அக்கா இருப்பது மாமியார் ஹமீதா பீவியோடு. வேலை முடிந்து வாசலில் கால் வைத்ததுமே மாமியின் குரல் வரும்.

"கையக் கழுவிட்டு அடுக்களைக்குள்ள வா. எல்லா வீட்டுலயும் பூத்துப்போனதத் தூக்கித் தூரப் போடுவாவ. எனக்க மருமவளுக்கு அத வளக்கதுக்குச் சம்பளம்."

"வளத்தாத்தான மாமி கொல்ல முடியும்?"

"கொல்லதுக்குன்னு வளக்கியே, அது ஆடா கோழியா?"

ஆனால் வேலை அதுதான். பூஞ்சையை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்க வேண்டும். வளர்ந்த பூஞ்சையை உப்புத் தண்ணீரில் கலக்கி, புதிய தட்டு முழுவதும் சீராகத் தடவுவார். உள்ளே ஜெல்லி போல உறைந்திருப்பதில் சின்னச் சின்னக் குழி வெட்டுவார். ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு மருந்து. பிறகு மூடி வைத்துவிட வேண்டும். மருந்து வேலை செய்தால் குழியைச் சுற்றிப் பூஞ்சை வராது. தெளிவாக ஒரு வளையம் இருக்கும். வேலை செய்யாவிட்டால் பூஞ்சை குழியின் விளிம்பு வரை வந்து எட்டிப் பார்க்கும்.

சொல்வதற்கு எளிது. காத்திருப்பதுதான் கஷ்டம். பாக்டீரியா ஒரே இரவில் வளர்ந்துவிடும். பூஞ்சைக்கு அவசரமே கிடையாது. கண்ணுக்கோ நேரம் கிடையாது. அப்பாவின் தட்டை மூடி வைத்த மறுநாளே டாக்டர் கிளீட்டஸ் படியேறி வந்துவிட்டார்.

"ரஸீனா, ஏதாவது தெரியுதா?"

"தெரியுது சார். எல்லாக் குழியச் சுத்தியும் வளையம் இருக்கு."

"எல்லாத்துக்குமா?"

"இன்னிக்குப் பாத்தா எல்லா மருந்தும் நல்ல மருந்துதான் சார். பூஞ்சை இன்னும் வளரவே இல்லியே. நாளைக்குப் பாத்தாதான் எது நெசம், எது பொய்னு தெரியும்."

அவர் சிரித்துவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் இரண்டு மருந்தின் முடிவு அவர் கைக்குப் போனது. நாட்டமைசின் என்ற சொட்டு மருந்துக்குப் பெரிய வளையம். வோரிகோனசோல் என்ற மற்றதைப் பூஞ்சை சட்டையே செய்யவில்லை. குழியின் வாய் வரை வந்து நின்றது. ஏற்கெனவே நாட்டமைசின்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள். மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து விடுவார். அப்பாவின் வலி குறைந்தது. சிவப்பும் லேசாக வெளுத்தது. வீட்டுக்குப் போய் மருந்தைத் தொடரச் சொன்னார்கள்.

அந்த முறை அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தவர் சித்தப்பா பொன்னுலிங்கம். அம்மா லில்லிபாய் வீட்டை விட்டு வர முடியவில்லை. அது அக்கானிக் காலம். பதநீரை நாங்கள் அக்கானி என்போம். பக்கத்துப் பனையேறிகள் இறக்குவதையும் அம்மாதான் வாங்கிக் கருப்பட்டி காய்ச்சுவாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மருந்து விடுகிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலும் நேரம் வந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்துவிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. ஆனால் நாலாம் நாள் வலி திரும்பியது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தார், வெளிச்சம் ஆகவில்லை. அடுத்த சில நாளில் வெள்ளைப் புள்ளி அகன்று, கருவிழியின் அடியில் சீழ் கோடாகத் தேங்கியது. திங்கள்சந்தை வழியாக நாகர்கோவிலுக்குப் போகிற பஸ்ஸில், பள்ளம் வரும்போதெல்லாம் அப்பா பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

டாக்டர் கிளீட்டஸ் கண்ணைப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார்.

"கருவிழி மெலிஞ்சு போச்சு. இன்னும் கொஞ்சம் மெலிஞ்சா பொத்துக்கிடும். பொத்துக்கிட்டா கண்ண எடுக்க வேண்டி வரும்."

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சாறே, ஒத்தக் கண்ணு வச்சிட்டுப் பனைல ஏற முடியுமா?"

டாக்டரை முந்திக்கொண்டு அப்பா சொன்னார். "மட்டை எவ்வளவு தூரத்துல இருக்குன்னு ஒத்தக் கண்ணுக்குத் தெரியாது பிள்ளே. கை வச்ச எடத்துல மட்டை இருக்காது."

செவ்வாய்க்கிழமை அப்பாவை மறுபடியும் சேர்த்தார்கள். திரும்பவும் சுரண்டினார்கள். டாக்டர் இந்தத் தடவை தகட்டைத் தானே எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

"ஒங்க பிளேட்டுல செத்தது கண்ணுல சாவலியே ரஸீனா."

"நான் மறுபடியும் வைக்கேன் சார்."

"மாறிப் போயிருக்குமா? வேற யாருக்குள்ளதாவது?"

இந்தக் கேள்வி அக்காவுக்குச் சுருக்கென்று பட்டிருக்கிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான் என்று அவரே சொன்னார். பூஞ்சை லேப்பில் காற்றில் ஒரு பூஞ்சை வித்து பறந்து விழுந்தாலே போதும், வேறொருவரின் தட்டில் வேறொன்று முளைத்து நிற்கும். அன்று அவர் மேஜையைத் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை மூடி, வேர்வையில் நனைந்துகொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்.

"எனக்கு வோரிகோனசோலுக்கு மாத்தணும்னு தோணுது," என்றார் டாக்டர்.

"அதுக்கு இது அசையவே இல்ல சார். மாத்துனா, அது வளரதுக்கு நாம வழி விட்ட மாதிரி ஆயிரும்."

"வேலை செய்யாத மருந்த இன்னும் எத்தன நாளு விட்டுட்டு இருக்க? நானும் அத நம்பித்தான் இருந்தேன். கண்ணு பொத்துப்போனா அந்தாளுகிட்ட பிளேட்டையா காட்டுவீங்க?"

திங்கட்கிழமை வரை பார்ப்போம் என்று முடிவானது. அதற்கு மேல் கண் தாங்காது.

அந்தச் சனியும் ஞாயிறும் எங்களுக்கு எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. வார்டில் அம்மாதான் மருந்து விட்டாள். நர்ஸ் குப்பியை எடுத்தபோது, "நான் விட்டுக்கிடுதேன் மக்ளே, நீங்க வேற ஆளுவளப் பாருங்க" என்று வாங்கிக்கொண்டாள். நர்ஸுக்கும் அது உதவியாக இருந்தது. அப்பா இரும்புக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டே கிடந்தார். பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுந்தார்.

ரஸீனா அக்காவுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. மருந்தே கெட்டுப் போயிருந்தால்? கோடை வெயில், அடுப்பெரிகிற வீடு. ஆள் அனுப்பி எங்கள் குப்பியை மாடிக்கு வாங்கி, நன்றாகக் குலுக்கி, புதிய தட்டில் ஒரு குழியில் விட்டார். பக்கத்துக் குழியில் ஆஸ்பத்திரியின் புதுக் குப்பி மருந்து. மீதி மருந்தோடு குப்பி கீழே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லேப்புக்கு விடுமுறை. அக்கா தட்டுகளைப் பார்ப்பதற்காகவே இளங்கடையிலிருந்து வந்தார். மாமி ஆட்டோ வரைக்கும் கூடவே வந்தாராம்.

"ஞாயித்துக்கெழமையும் அதுக்குத் தீனி போடணுமா ஒனக்கு?"

"ஒரு ஆளுக்குக் கண்ணு போவுது மாமி."

"பொறவென்ன வாயப் பாத்துட்டு நிக்க? போ. நான் துவா கேக்கேன்."

தட்டுகளைத் திறந்தார். இரண்டாவதாகச் சுரண்டியதும் அதே பியூசேரியம்தான். நாட்டமைசினைச் சுற்றி அதே பெரிய வளையம். எங்கள் குப்பிக்கும் புதுக் குப்பிக்கும் வித்தியாசமே இல்லை. பூஞ்சை சரி, மருந்து சரி, சோதனை சரி. கண் மட்டும் அழிந்துகொண்டிருந்தது. "எங்கயாவது தப்பு இருந்திருந்தா எனக்குச் சந்தோசமா இருந்திருக்கும்," என்று என்னிடம் சொன்னார். "ஒண்ணுமே தப்பில்லன்னதும் இனி எங்க தேடதுன்னு தெரியல்ல."

திங்கட்கிழமை காலையில் டாக்டர் வார்டுக்கு வந்தார். நர்ஸின் தட்டில் வோரிகோனசோல் குப்பி இருந்தது. கண்ணைப் பார்த்தார். மெலிந்த இடம் இன்னும் மெலிந்திருந்தது. "இண்ணைக்கு மாத்திரலாம்," என்றார். அப்போதுதான் தலையில் நீலத் துணித் தட்டம் போட்ட ஒருவர் வாசலில் வந்து நின்றார். மேலே வெள்ளைக் கோட்டு. ரஸீனா அக்கா. வார்டுக்குள் அவர் வருவதே அபூர்வமாம். நர்ஸுகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், ஒரு நிமிசம். பிளேட்டும் மருந்தும் சரிதான், நான் பாக்காதது ஒண்ணுதான். இவங்களுக்கு மருந்து விடுதத நான் ஒருக்கப் பாத்துக்கிடட்டா?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

அம்மா அலமாரிக்குப் போனாள். பழைய நாட்டமைசின் குப்பி அங்கே ஓரத்தில் நின்றது. நிறைந்த விளக்கைத் தூக்குவது போல இரண்டு கையாலும் எடுத்து, அதிராமல் நடந்து வந்தாள். பையச் சாய்த்தாள். ஒரு சொட்டு அப்பாவின் கண்ணில் விழுந்து, ஓரத்தில் வழிந்து, காதுப் பக்கம் ஓடியது.

ரஸீனா அக்கா குனிந்து அந்த ஈரத்தைப் பார்த்தார். பிறகு தலையணையைப் பார்த்தார், துவாலையைப் பார்த்தார். நாட்டமைசின் பால் மாதிரி வெள்ளையான மருந்து. அக்காவின் கையுறையில் பட்டால் வெள்ளைத் திட்டாகக் காயும். அப்பாவின் தலையணையில் அப்படி ஒரு திட்டும் இல்லை.

"அக்கா, இது பச்சத்தண்ணி மாதிரில்லா விழுது? வெள்ளையா ஒண்ணுமே வரல்லியே?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"தெளிவத்தான விடணும்," என்றாள் அம்மா. அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அடில கெடக்கது கசண்டில்லா? நான் அசைக்கவே மாட்டேன். ஒரு துளி கசண்டு அவருக்க கண்ணுல விழுந்ததில்ல."

டாக்டரும் ரஸீனா அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு அது புரியவில்லை. கேட்காமலே சொல்லிக்கொண்டு போனாள்.

"அக்கானி புளிக்காம இருக்கக் கலயத்துல சுண்ணாம்பு தேய்ப்போம், கேட்டியளா. அத அப்படியே காய்ச்சுனா கருப்பட்டி வெளங்காது. அசையாம வச்சா சுண்ணாம்பு அடில எறங்கும். தெளிவ மட்டும் ஊத்தி எடுக்கணும். குடிக்க கொடுத்தாலும் அப்படித்தான். சுண்ணாம்பு கண்ணுல பட்டா கண்ணு வெந்து போவாதா? இந்தக் குப்பிலயும் அடில வெள்ளையாட்டுக் கெடந்தது. நான் அத விடுவனா?"

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் முதலில் சொல்வது அதுதான்: சுண்ணாம்புக் கையோடு கண்ணைத் தொடாதே. அம்மா அந்தப் பயத்தோடுதான் அந்தக் குப்பியைப் பார்த்திருக்கிறாள்.

டாக்டர் கிளீட்டஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"லில்லிபாய், அந்த வெள்ளைதான் மருந்து. மேல நிக்கது பெரும்பாலும் வெறும் தண்ணி. நல்லா குலுக்கிட்டு விடணும். அத யாரும் ஒங்ககிட்டச் சொல்லல்லியா?"

"சொன்னாவ," என்றார் சித்தப்பா பொன்னுலிங்கம். வெளியே பெஞ்சில் இருந்தவர் எழுந்து வாசலுக்கு வந்திருந்தார். "வீட்டுக்குப் போம்ப எனக்கிட்டச் சொன்னாவ. தலைல வெள்ளம் ஊத்தப்பிடாது, மணிக்கொருக்க விடணும், குலுக்கணும். நான் ரெண்டத்தான் சொன்னேன்."

அம்மாவின் கையிலிருந்த குப்பியை ரஸீனா அக்கா வாங்கிக்கொண்டார். அப்பா, கட்டிலில் கிடந்தபடியே, அத்தனை நாளில் முதல் தடவையாகப் பழைய குரலில் பேசினார்.

"ஏட்டி, எனக்க கண்ண வச்சா நீ அக்கானி தெளிய வச்ச?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"நாங்க நேரா ஒங்ககிட்டச் சொல்லியிருக்கணும்," என்றார் டாக்டர். பிறகு ரஸீனா அக்காவைப் பார்த்தார். "நீங்க குலுக்கித்தான வச்சீங்க?"

"ஆமா சார். கை தானா குலுக்கிருச்சு. அதுனாலதான் எனக்கும் பிடிபடல்ல."

வோரிகோனசோல் குப்பி திறக்கப்படாமல் திரும்பிப் போனது. அந்த நிமிடத்திலிருந்தே குலுக்கிய மருந்து விட்டார்கள். அம்மாவே விட்டாள், டாக்டர்தான் அப்படிச் சொன்னார். முதல் சொட்டு வெள்ளையாக விழுந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் கண் அதோடு தப்பிவிடவில்லை. மெலிந்த இடம் அப்படியே இருந்தது. தும்மக்கூடாது, இருமக்கூடாது, குனியக்கூடாது. அப்பா பீடியை விட்டார். ஒவ்வொரு காலையும் டாக்டர் விளக்கைக் கண்ணில் அடிக்கும்போது நாங்கள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். சீழின் கோடு முதலில் மேலே ஏறாமல் நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. வலி போனது. ஆனால் வெள்ளை மட்டும் போகவில்லை. கருவிழியின் ஓரத்திலிருந்து நடுவரை ஒரு வெள்ளைத் தடம் தடித்துக் கிடந்தது.

அது ஆறின தழும்பா, இல்லை உள்ளே பூஞ்சை இன்னும் உயிரோடு இருக்கிறதா? வெளியே பார்த்துச் சொல்ல முடியவில்லை. மருந்தை நிறுத்தினால், உயிரோடு இருப்பது மறுபடியும் கிளம்பிவிடும். மெலிந்த கண்ணுக்கு அது கடைசியாக இருக்கும். டாக்டர் இன்னொரு தடவை, மிக லேசாகச் சுரண்டினார். தகடும் தட்டும் மாடிக்குப் போயின.

ரஸீனா அக்கா அந்தத் தட்டைத் தினமும் காலையில் வந்ததும் எடுத்துப் பார்த்தார். வீட்டுக்குப் போகும்போதும் பார்த்தார். முன்பு பூஞ்சை முளைத்த நாள் வந்தது, ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு ஓரத்தில் புள்ளி மாதிரி ஒன்று தெரிந்தபோது தட்டை ஜன்னலுக்கு எடுத்துப் போனாராம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் காற்றுக் குமிழி. ஒரு வாரம் தாண்டியும் அவர் அதைத் தூக்கிப் போடவில்லை. "மெதுவா வளரதும் இருக்கும். எனக்கு அவசரம்னா அதுக்கென்ன?" என்றார் டாக்டரிடம். டாக்டர் அந்தத் தடவை அவசரப்படுத்தவில்லை.

பிறகு ஒருநாள் அக்கா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். மூடியை டேப் வைத்து ஒட்டியிருந்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா தட்டை அவர் முன்னால் நீட்டினார்.

அப்பா இடது கண்ணால் உற்றுப் பார்த்தார். "இதுல ஒண்ணும் இல்லியே மக்ளே?"

"இல்ல. ஒங்க கண்ணுல இருந்து எடுத்துப் போட்டதுதான். ஒண்ணும் முளைக்கல்ல."

"எனக்குள்ளதா?" அப்பா தட்டை வாங்கி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். வெறும் தட்டு. மஞ்சள் ஜெல்லிக்குள் வெயில் நின்றது. அம்மாவும் எட்டிப் பார்த்தாள். சித்தப்பா சிலுவை போட்டுக்கொண்டார்.

டாக்டர் கிளீட்டஸ் வந்து, நல்ல கண்ணைக் கையால் மூடச் சொன்னார். அப்பா மூடினார். வலது கண்ணை மெல்ல விரித்து எதிரே பார்த்தார்.

"என்ன தெரியுது?"

அப்பா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"நீலம் தெரியுது. இந்தப் பிள்ளைக்க தட்டம். மொகம் கலங்கலாட்டு இருக்கு. ஆனா சிரிக்கது தெரியுது."

தழும்பு கொஞ்சம் மெலியும், பார்வை இன்னும் தெளியலாம், பனையேற்றத்தைப் பற்றி மழைக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். மழைக்குப் பிறகு அப்பா ஏறினார், குட்டையான பனைகளில் மட்டும், மட்டையை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு. அது பிந்தைய கதை. அன்று ரஸீனா அக்கா தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "மேல வேற ரெண்டு பேருக்குள்ள பிளேட்டு இருக்கு, இன்னிக்குப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.